ஜேசிபியில் தேயும் பாகங்கள்: எப்போது பார்ப்பது, எப்படி மாற்றுவது

முதல் முறையாக ஒரு ஜேசிபி வாங்கியிருப்பீர்கள், அல்லது இன்னொருவர் வண்டியில் ஆபரேட்டராக ஏறியிருப்பீர்கள். லீவரைப் பிடித்து ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்துவிடும். எந்தப் பாகம் எதனால் தேய்கிறது, தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மாற்றுவது என்று பொறுமையாகச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முன்னால் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் பக்கெட்டும் உள்ள, நம் ஊரில் அதிகம் ஓடும் ஜேசிபி கம்பெனியின் 3டிஎக்ஸ் வண்டியை மனதில் வைத்தே சொல்கிறேன். கேஸ், கேட்டர்பில்லர், மஹிந்திரா, கோயம்புத்தூர் புல் என்று எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வண்டியில் சில பாகங்களைத் தேய்வதற்கென்றே வைத்திருக்கிறார்கள். பக்கெட்டின் பல் தேய்வது பக்கெட்டின் உதடு தேயாமல் இருக்க. புஷ் (மூட்டின் ஓட்டைக்குள் இறுக்கமாக உட்காரும் உருளை வளையம்) தேய்வது, பூமிலும் (தோண்டும் பாகத்தின் பெரிய கை) ஆர்மிலும் (பக்கெட்டைப் பிடிக்கும் சிறிய கை) பின் என்கிற மூட்டு ஆணி உட்காரும் ஓட்டை, அதாவது கண், தேயாமல் இருக்க. தோண்டும்போது வண்டியைத் தாங்கும் ஜாக் காலுக்குள் இருக்கும் நைலான் பேட் தேய்வது இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க. முன்னால் நிற்கிற பாகம் விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். அதற்குப் பின்னால் இருப்பது விலை அதிகம், மாற்றுவது பெரிய வேலை. தேய்மானம் முன்னதைத் தாண்டி அடுத்ததைத் தொடுவதற்குள் மாற்றிவிட வேண்டும். கீழே வரும் எல்லா வேலையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். முன் பக்கெட்டையும் தோண்டும் பக்கெட்டையும் தரையில் முழுசாக உட்கார வையுங்கள். பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். கேபினில் சாவி தொங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் வண்டிக்கு அடியில் இருப்பது தெரியாமல் யாராவது ஏறி ஸ்டார்ட் செய்துவிடலாம்.

இன்ஜின் நின்ற பிறகும் ஹைட்ராலிக் லைனில் அழுத்தம் இருக்கும். எல்லா லீவர்களையும் எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று முறை அசைத்து அதை இறக்கிவிடுங்கள். அப்புறம் ஹைட்ராலிக் ஆயில் டேங்க் மூடியை மெல்லத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள்.

முன் பக்கெட்டைத் தாங்கும் முன் கை தூக்கிய நிலையில் அதற்குக் கீழே வேலை செய்ய வேண்டி வந்தால், லிஃப்ட் சிலிண்டரின் ராடு மேல் மாட்டும் பாதுகாப்புத் தாங்கி ஒன்று வண்டியோடு வரும். அதை மாட்டாமல் கீழே போகவே கூடாது. பழைய வண்டிகள் பலவற்றில் இந்தத் தாங்கி காணாமல் போயிருக்கும். வாங்கி மாட்டிவிட்டு மற்ற வேலையை ஆரம்பியுங்கள். ஹைட்ராலிக் தாங்கிப் பிடிக்கும் என்று நம்பிக் கீழே போவது, ஒரு ரப்பர் பைப்பை நம்பித் தலையைக் கொடுப்பது.

கண்ணாடி, ஷூ, கையுறை மூன்றும் கட்டாயம். பின், பல் இரண்டுமே கடினப்படுத்திய இரும்பு. சம்மட்டியால் நேராக அடித்தால் சில்லு தெறிக்கும், அது கண்ணில் ஏறும். அதனால் நடுவில் பித்தளையோ செம்போ கொடுத்து அடிப்பது வழக்கமாக இருக்கட்டும். மூட்டின் கண்கள் நேராக வந்துவிட்டனவா என்று பார்க்க ஓட்டைக்குள் விரலை விடாதீர்கள். பூம் ஒரு துளி இறங்கினாலும் விரல் போய்விடும். கம்பியையோ கடப்பாறை முனையையோ விட்டுப் பாருங்கள்.

கிரீஸ்: தினமும் செய்யும் வேலை

புதிதாக வருகிறவர்கள் இதைச் சில்லறை வேலை என்று ஹெல்பரிடம் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பதே இதுதான். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் கிரீஸ் படலம் இருக்கும்வரை இரும்பு இரும்பைத் தொடாது. படலம் காய்ந்தால் மண்ணும் தூசியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அரைக்கத் தொடங்கும். முதலில் புஷ் போகும், பிறகு பின்னில் பள்ளம் விழும், அதற்கும் பிறகு கண் ஓவலாகும். கண் ஓவலாகிவிட்டால் வெல்டிங் வைத்து நிரப்பி, போரிங் மெஷினைக் கொண்டுவந்து கடைய வேண்டும். அதற்கு ஆகும் செலவில் எவ்வளவு காலத்துக்குக் கிரீஸ் வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரும்பாலான புத்தகங்கள் 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கச் சொல்கின்றன. அதாவது தினமும். தண்ணீரிலும் சேற்றிலும் வேலை என்றால் நடுவிலும் ஒருமுறை அடிக்க வேண்டும். காலையில் அடிப்பதைவிட மாலையில் வேலை முடிந்ததும் அடிப்பது நல்லது என்பது என் கருத்து. பின்கள் சூடாக இருக்கும், கிரீஸ் சுலபமாக உள்ளே ஓடும். அன்றைக்கு உள்ளே போன ஈரமும் மண்ணும் அன்றைக்கே வெளியே வந்துவிடும், ராத்திரி முழுக்க உள்ளே இருந்து துருப்பிடிக்காது.

அடிக்கும் முறைக்கு வருவோம். நிப்பிளை (கிரீஸ் உள்ளே ஏறும் சின்ன வாய்) துணியால் துடைத்த பிறகே கிரீஸ் கன்னை மாட்டுங்கள். துடைக்காமல் அடித்தால் நிப்பிள் வாயில் இருக்கும் மண்ணை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். பக்கெட் தரையில் இருக்க வேண்டும். எடை தொங்கும் நிலையில் பின்னின் ஒரு பக்கம் புஷ்ஷோடு இறுக்கி நிற்கும், இடைவெளி இருக்கும் பக்கம் மட்டுமே கிரீஸ் போகும். இரண்டு ஓரத்திலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் வந்தால் இன்னொரு பக்கம் அடைப்பு. வெளியே வருவது கறுப்பாக, சாந்து மாதிரி நெறநெறவென்று இருந்தால் புஷ் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கிரீஸ் ஏறவில்லை என்றால் பலர் அந்த நிப்பிளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். முதலில் நிப்பிளைக் கழற்றிப் புதிது போடுங்கள், அதன் விலை மிகக் குறைவு. அப்போதும் ஏறாவிட்டால் உள்ளே பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கிறது. நிப்பிள் ஓட்டையில் கம்பி விட்டுக் குத்தி, கொஞ்சம் டீசல் விட்டு ஊற வைத்து, அந்த மூட்டை மெல்ல இயக்கிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பின்னைக் கழற்றித்தான் ஆக வேண்டும். புஷ் சுழன்று அதன் கிரீஸ் ஓட்டை மறைந்துபோயிருக்கக் கூடும்.

பக்கெட், ஆர்ம், பூம் எல்லாம் கண்ணில் படும் இடங்கள், அதனால் யாரும் மறப்பதில்லை. மறக்கிற இடங்கள் வேறு: கிங்போஸ்ட்டின் (பூமைத் தாங்கி இடம் வலம் திரும்பும் பாகம்) மேல் பின்னும் கீழ்ப் பின்னும், பூமை இடம் வலம் திருப்பும் இரண்டு சிலிண்டர்களின் மூட்டுகள், முன் அச்சின் நடு பிவோட் பின், முன் சக்கரங்கள் திரும்பும் ஆணியான கிங்பின், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டு, முன் கையின் உள்பக்கப் பின்கள். புத்தகத்தில் கிரீஸ் பாயிண்ட் படம் இருக்கும். அதை நகல் எடுத்து கேபினில் ஒட்டிவையுங்கள்.

கிரீஸ் எதை வாங்குவது? லித்தியம் வகை, இபி 2 என்று டப்பாவில் போட்டிருப்பது பொதுவாகப் போதும். பின், புஷ்ஷுக்கு மாலிப்டினம் கலந்தது இன்னும் நல்லது. விலை குறைவென்று பெயரே இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். வெயிலில் உருகி ஓடிவிடும், ஓரத்தில் நின்று மண்ணைத் தடுக்காது.

பல், பிளேடு, பக்கெட் அடி

பல் எவ்வளவு நாள் வரும் என்று மணிக் கணக்கில் சொல்ல முடியாது, மண்தான் தீர்மானிக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் வண்டலில் நீண்ட நாள் வரும். சரளையும் சுக்கான் பாறையும் உள்ள இடத்தில் அதே பல் சீக்கிரம் மொட்டையாகும். கடற்கரை மணல் பல்லை மட்டுமல்ல, உப்போடு சேர்ந்து பின்களையும் தின்னும். அதனால் நாளைக் கணக்கிடாமல் நீளத்தைப் பாருங்கள். புதுப் பல் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். பாதி நீளம் போய்விட்டாலோ, போல்ட் தலையை மண் உரச ஆரம்பித்தாலோ மாற்ற வேண்டிய நேரம். ஓரப் பற்கள்தான் முதலில் தேயும், பார்வையை அங்கிருந்து தொடங்குங்கள்.

மொட்டைப் பல்லோடு ஓட்டினால் மண் வெட்டுப்படாமல் நசுங்கும். பம்ப் திணறும், டீசல் கூடும், பின் புஷ்ஷுக்கும் வீண் சுமை. மணி வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பக்கத்து வண்டி ஒரு மணியில் முடிக்கும் பள்ளத்தை நீங்கள் கூடுதல் நேரம் எடுத்துத் தோண்டினால், வேலை கொடுத்தவர் அடுத்த முறை கூப்பிடமாட்டார்.

3டிஎக்ஸ் போன்ற வண்டிகளில் பற்கள் போல்ட் போட்டு மாட்டியவை. மாற்றும் முறை இது. பக்கெட்டின் வாய் உங்களுக்கு வசதியாக இருக்கும்படி தரையில் வைத்து, அடியில் கட்டை கொடுங்கள். முந்தின நாள் மாலையே நட்டு மேல் துரு இளக்கும் ஆயிலோ டீசலோ விட்டுவைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரிங் ஸ்பேனருக்கு வராத நட்டைக் கிரைண்டரால் அறுத்தோ கேஸ் கட்டிங்கால் வெட்டியோ எடுக்கலாம். கேஸ் பிடிக்கும்போது சுடர் பக்கெட்டின் உதட்டைக் கடித்துவிடக் கூடாது. பழைய பல்லைத் தட்டி எடுத்ததும் அது உட்கார்ந்திருந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள். அங்கே மண் துணுக்கு இருந்தால் நட்டு இறுகினது போலத் தெரியும். வேலையில் அந்தத் துணுக்கு நசுங்கியதும் போல்ட் லூசாகும், பல் ஆடும், ஓட்டை பெரிதாகும்.

போல்ட், நட்டு இரண்டையும் புதிதாகவே போடுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் இந்த இடத்துக்கு ஆகாது, இழுபட்டு நீண்டுவிடும். பல்லுக்கென்று விற்கும் ஹை டென்சைல் போல்ட்டை வாங்குங்கள். சாதாரணமாக 10.9 அல்லது 12.9 என்று அதன் தலையில் எண் குத்தியிருக்கும். நன்றாக முறுக்கிய பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் தோண்டிவிட்டு நிறுத்தி, எல்லா நட்டையும் மறுபடி முறுக்குங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை. புதுப் பல் கழன்று விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது முறுக்கலைச் செய்யாததுதான்.

சிலர் பல் விழாமல் இருக்கட்டும் என்று பக்கெட்டோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். இதைச் செய்ய வேண்டாம். சூட்டில் பல்லின் கடினம் போய்விடும், ஓரத்தில் விரிசல் வரும். அடுத்த முறை மாற்றும்போது உதட்டையும் சேர்த்து வெட்ட வேண்டிவரும்.

முன் பக்கெட்டில் பல்லுக்குப் பதில் போல்ட் போட்ட பிளேடு இருந்தால், அது திருப்பிப் போடக்கூடிய வகையா என்று பாருங்கள். இரண்டு ஓரமும் கூராக இருக்கும் பிளேடை ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பி மாட்டலாம், ஒரே பிளேடில் இரண்டு ஆயுள். ஆனால் தேய்மானம் பக்கெட்டின் சொந்த உதட்டைத் தொடுவதற்குள் திருப்ப வேண்டும். பக்கெட்டின் அடித்தகட்டையும் அவ்வப்போது குனிந்து பாருங்கள். குதிகால் பகுதியில் இருக்கும் தேய்மானப் பட்டைகள் தட்டையாகி அடித்தகடே தரையை உரசினால், புதுப் பட்டை வைத்து வெல்டிங் செய்யும் நேரம் வந்துவிட்டது.

பின், புஷ்: தேய்ந்ததா என்று பார்ப்பது

பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு கை உயரத்துக்குத் தூக்கி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். பக்கெட்டுக்கு அடியில் போகாமல் பக்கவாட்டில் நின்று, மூட்டுக்குள் கடப்பாறை முனையைக் கொடுத்து நெம்புங்கள். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் அது பின்னும் புஷ்ஷும் தேய்ந்ததால் வருவது. இடமும் வலமும் மட்டும் ஆடினால் பக்கவாட்டு இடைவெளி கூடியிருக்கிறது. அதற்கு ஷிம் என்கிற மெல்லிய வளையம் போட்டால் போதும், புஷ்ஷை மாற்ற வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் செலவு நிறையக் குறையும்.

எவ்வளவு ஆட்டம்வரை பொறுக்கலாம் என்பதற்குப் புத்தகத்தில் அளவு உண்டு. நான் கூடவே பார்ப்பது பின்னை. கழற்றித் துடைத்து, நகத்தை அதன் நீளவாக்கில் ஓட்டுங்கள். புஷ் ஓரம் இருந்த இடத்தில் நகம் தட்டி நின்றால் அந்தப் பின்னை மறுபடி போடாதீர்கள். பழைய பள்ளம் விழுந்த பின்னோடு புதுப் புஷ் போட்டால், அந்தப் புஷ் சீக்கிரமே கரையும். பின்னையும் புஷ்ஷையும் ஜோடியாக மாற்றுவதே கடைசியில் மலிவு.

கிங்போஸ்ட்டைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். பூமை நீட்டி, பக்கெட்டைத் தரைக்குச் சற்று மேலே வைத்து, ஆபரேட்டர் மெல்ல ஏற்றி இறக்கட்டும். நீங்கள் பூம் சுற்றும் எல்லைக்கு வெளியே நின்று கிங்போஸ்ட்டின் மேல், கீழ் மூட்டுகளைப் பாருங்கள். பூம் அசையும் முன் மூட்டு துள்ளினால் அங்கே இடைவெளி இருக்கிறது. கிங்போஸ்ட் பின் மாற்றுவதற்குத் தோண்டும் பாகம் மொத்தத்தையும் தூக்கிப் பிடிக்க வேண்டும், அதற்குக் கிரேன் வேண்டும். புதியவர்கள் இதைச் சைட்டில் வைத்துச் செய்ய முயலாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பின், புஷ் மாற்றுவது

முதல் வேலைக்குப் பக்கெட் பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். கையருகே இருக்கும், எடையும் குறைவு.

பக்கெட்டைத் தரையில் தட்டையாக வைத்து, ஆர்மின் எடை அதன் மேல் அழுந்தாமலும் பக்கெட் அதில் தொங்காமலும் இருக்கும்படி நிறுத்துங்கள். அணைத்து, அழுத்தத்தை இறக்கி, பின்னைப் பிடித்திருக்கும் பூட்டு போல்ட்டை எடுங்கள். எடை சரியாக விலகியிருந்தால் பின் லேசான தட்டலுக்கே நகரும். நகரவில்லை என்றால் பெரிய சம்மட்டியைத் தேடாதீர்கள். பின் மேல் இன்னும் எடை இருக்கிறது. எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து, பூமை ஒரு மயிரிழை ஏற்றியோ இறக்கியோ மறுபடி முயலுங்கள். துருப்பிடித்த பின் தவிர மற்ற எல்லாம் இப்படியே வந்துவிடும். பின் வெளியே வந்ததும் பக்கெட் லிங்க்கும் சிலிண்டரும் தொங்கி ஆடும். அதற்கு முன்பே சங்கிலியால் கட்டியோ கட்டை கொடுத்தோ வையுங்கள்.

அடுத்து பழைய புஷ். நல்ல முறை, நீண்ட மரையாணி ஒன்றில் இரண்டு தகடும் நட்டும் போட்டு இழுத்து எடுப்பது. ஒரு பக்கம் புஷ்ஷின் வெளி விட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய தகடு, மறுபக்கம் புஷ்ஷே உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய குழாய்த் துண்டு. நட்டை முறுக்க முறுக்க புஷ் குழாய்க்குள் வந்துவிடும். எந்த லேத் பட்டறையிலும் இதைச் செய்துதருவார்கள். ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் உதவும். இறுகிப்போன புஷ்ஷுக்கு வெல்டர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புஷ்ஷின் உள்சுவரில் நீளவாக்கில் ஒரு வெல்டிங் கோடு இழுத்து, ஆறவிடுவது. ஆறும்போது வெல்டிங் சுருங்கி புஷ்ஷையும் உள்ளே இழுக்கும், பிடி தளரும். கேஸ் கட்டிங்கால் புஷ்ஷை வெட்டி எடுப்பது கடைசி வழி. கண்ணின் உள்சுவரில் சுடர் பட்டால் புதுப் புஷ் சரியாக உட்காராது.

புஷ் வந்ததும் கண்ணைத் துடைத்து, உள் விட்டத்தை நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என இரண்டு திசையில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வித்தியாசம் இருந்தால் கண் ஓவலாகிவிட்டது. அதில் புதுப் புஷ்ஷை வெல்டிங் பொட்டு வைத்து நிறுத்திக் கொடுப்பார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணை நிரப்பிக் கடைந்து சரிசெய்த பிறகே புஷ் போட வேண்டும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிக்கும் போர்வெல் ரிக்குக்கும் வேலை செய்து பழகிய பட்டறைகள் நிறைய. வண்டி நிற்கும் இடத்துக்கே போரிங் மெஷினைக் கொண்டுவந்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

புதுப் புஷ்ஷை முந்தின இரவே ஃப்ரீசரில் வையுங்கள். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புப் புஷ் 50 டிகிரி குளிர்ந்தால் விட்டத்தில் சுமார் 0.036 மில்லிமீட்டர் சுருங்கும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் இறுக்கமாக ஏற வேண்டிய புஷ்ஷுக்கு அது பெரிய உதவி. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் தாமதிக்காமல் அதே மரையாணியால் நேராக இழுத்து ஏற்றுங்கள். சாய்ந்து ஏறினால் நிறுத்தி, பின்வாங்கி, மறுபடி தொடங்குங்கள். சம்மட்டியால் ஓரத்தை அடித்து ஏற்றினால் வாய் பிதுங்கி, பின் உள்ளே போகாது.

ஏற்றுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். புஷ்ஷில் கிரீஸ் ஓட்டை இருந்தால் அது நிப்பிள் ஓட்டைக்கு நேராக வர வேண்டும். சாக்பீஸால் இரண்டிலும் கோடு போட்டுவைத்து ஏற்றினால் தவறாது. ஓட்டை மாறிப்போன புஷ்ஷில் நீங்கள் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது, புதுப் புஷ்ஷே காய்ந்து ஓடும். ஓரத்தில் தூசி சீல் இருந்தால் அதன் உதடு வெளிப்பக்கம் பார்க்கட்டும். அப்போதுதான் உள்ளேயிருந்து கிரீஸ் வெளியேறும், வெளியேயிருந்து மண் போகாது.

பின்னில் கிரீஸ் தடவி உள்ளே விடுங்கள். கையாலேயே தள்ள முடிய வேண்டும். பக்கவாட்டு இடைவெளியை ஷிம்மால் நிரப்பி, பூட்டு போல்ட்டை மாட்டி, இரண்டு ஓரமும் கிரீஸ் வரும்வரை அடியுங்கள். அப்புறம் சுமை இல்லாமல் பக்கெட்டை முழு எல்லைக்கும் சில முறை மடக்கி நீட்டி, மறுபடி அடியுங்கள்.

கடையில் வாங்கும் பின் நல்லதா என்று தெரிந்துகொள்ள ஒரு அரம் போதும். கடினப்படுத்திய பின் மேல் அரம் வழுக்கும். அரம் கடித்து இரும்புத் தூள் வந்தால் அது வெறும் கடைந்த கம்பி. லேத்தில் அவசரத்துக்குக் கடைந்து தரும் பின்னும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அன்றைய வேலையை முடிக்க உதவும், அந்த வாரத்துக்குள் சரியானதை வாங்கிப் போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் கம்பெனி பாகமாகவே வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பல்லில் நல்ல லோக்கல் தயாரிப்புகள் இருக்கின்றன. ஆனால் பின், புஷ், சீல், ஃபில்டர் நான்கிலும் மலிவைத் தேடாதீர்கள்.

ஜாக் கால், நகரும் ஃபிரேம்

ஜாக் காலை இறக்கி வண்டியைத் தூக்கியதும் கால் அதன் உறைக்குள் முன்னும் பின்னும் தடதடவென்று ஆடினால் நைலான் பேட் தேய்ந்திருக்கிறது. ஷிம் வைத்துச் சரிசெய்யும் வசதி பல வண்டிகளில் இருக்கும். பேட் மிக மெலிந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், பெரிய வேலை இல்லை. தோண்டும் பாகத்தை இடம் வலம் நகர்த்தும் ஃபிரேமைப் பிடித்திருக்கும் கிளாம்ப்களில் சீல் உண்டு. அங்கே ஆயில் கசிந்தாலோ, தோண்டும்போது ஃபிரேம் தானாக நகர்ந்தாலோ அந்தச் சீல்களைப் பாருங்கள். நகரும் தண்டவாளத்தில் மண் கட்டிவிடாமல் சுரண்டி வைப்பதும் உங்கள் வேலைதான்.

ஹைட்ராலிக் பைப்பும் சிலிண்டர் சீலும்

இந்த வண்டிகளின் ஹைட்ராலிக் அழுத்தம் 200 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் போகும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். பைப்பில் ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் உள்ளே சதை அழுகி, கையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஆயில் தோலுக்குள் ஏறிவிட்டால் அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போய், "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பைப்பின் மேல் ரப்பர் உரிந்து உள்ளே கம்பி வலை தெரிந்தால், கசிவு இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். வெடிக்கும்வரை காத்திருந்தால் பைப் விலையோடு ஒரு டின் ஆயிலும் போகும், டிப்பர்கள் வரிசையில் காத்து நிற்கும். புதுப் பைப் செய்யக் கொடுக்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். நீளம், இரண்டு முனையின் மரை வகை, வளைவின் கோணம், எத்தனை அடுக்குக் கம்பி என்று நான்கும் ஒத்துப்போக வேண்டும். நான்கு அடுக்குப் பைப் இருந்த இடத்தில் இரண்டு அடுக்கு போட்டுவிட்டு வராதீர்கள். அறுத்த பைப்புக்குள் ரப்பர் தூளும் இரும்புத் தூளும் இருக்கும், காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மாட்டும்போது பைப் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த முனைகளை உடனே மூடிவையுங்கள், ஒரு சிட்டிகை மண் போதும் வால்வைக் கெடுக்க.

சிலிண்டர் வாயில் ராடு ஓரம் ஆயில் வழிந்தால் சீல் கிட் மாற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன் ராடைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். குரோமில் கீறலோ துருக்குழியோ இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் கிழியும், முதலில் ராடுக்கு வழி பாருங்கள். வெளியே கசிவே இல்லாமல் தூக்கி நிறுத்திய பூம் தானாக இறங்கினால் உள்சீல் போயிருக்கலாம், அல்லது கன்ட்ரோல் வால்வில் கசிவு இருக்கலாம். இரண்டில் எது என்று மெக்கானிக்கை வைத்துச் சோதித்த பிறகே சிலிண்டரைப் பிரியுங்கள். சிலிண்டர் உடம்பில் வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

வண்டியில் எங்கே வெல்டிங் செய்தாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எர்த் கிளிப் வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பக்கெட்டில் வெல்டிங், சேஸில் எர்த் என்று மாட்டினால் கரண்ட் பின்கள் வழியாகப் பாய்ந்து பின்னிலும் புஷ்ஷிலும் குழி போடும். 2021 ஏப்ரலில் வந்த புகை விதிகளுக்குப் பிறகு வாங்கிய பல வண்டிகளில் இன்ஜினை எலக்ட்ரானிக் கன்ட்ரோலர்தான் நடத்துகிறது, அதன் கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

ஏர் ஃபில்டரில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு இருக்கும். உள் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்ற மட்டுமே செய்யலாம். டீசல் ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் பிரிப்பானைத் தினமும் காலையில் திறந்து வடித்துவிடுங்கள், கேனில் டீசல் வாங்கி ஊற்றுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் பல மாடல்களில் 500 மணிக்கு ஒருமுறை. பிரேக்குக்குப் புத்தகத்தில் சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் கார் பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். வீல் நட்டைக் கழற்றி மாட்டினால் அன்றே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை முறுக்குங்கள்.

கேபினில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். என்ன மாற்றினீர்கள், மணி மீட்டரில் அப்போது எவ்வளவு, எந்தக் கடைப் பாகம், எந்த மண்ணில் ஓடியது என்று நான்கு விஷயம் எழுதினால் போதும். ஒரு வருடம் கழித்து அதைப் புரட்டினால் உங்கள் வண்டிக்கு, உங்கள் ஊர் மண்ணுக்கு எந்தப் பல் எவ்வளவு ஓடுகிறது என்று நீங்களே சொல்லலாம். வண்டியை விற்கும்போதும் வாங்க வருகிறவர் அந்த நோட்டைப் பார்த்து நம்பி விலை பேசுவார்.

டூல் பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: போல்ட் நட்டோடு இரண்டு பல், அரை டஜன் நிப்பிள், பக்கெட் பின்னின் பூட்டு போல்ட் ஒரு செட், சில அளவுகளில் ஷிம் வளையங்கள், பைப் முனைகளை மூடும் பிளக்குகள், அடிக்கடி போகும் ஒரு ஹைட்ராலிக் பைப், ஒரு பித்தளைத் துண்டு, நிரப்பிய கிரீஸ் கன். சைட் ஊரிலிருந்து தூரமாக இருந்தால் ஒரு டின் ஹைட்ராலிக் ஆயிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.